நான் அறுபது வயது கூட்டிக் கொடுத்த மனிதர்

மேடையில் அடைக்கலம் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் ரோஜா மாலை. சட்டை போட்டுப் பழக்கமில்லாத உடம்பில் நான் இரவல் கொடுத்த சட்டை. மேல் பொத்தான்கள் இரண்டும் பூட்ட முடியாமல் நெஞ்சு வெளியே தெரிந்தது. அந்த நெஞ்சின் மேல் ஓர் அட்டை தொங்கியது. அதில் சிவப்பு மையில், என் கையெழுத்தில், 'வயது 108' என்று எழுதியிருந்தது.

ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த பெரிய அதிகாரி மிகுந்த பணிவோடு குனிந்து, "ஐயா, இத்தனை காலம் திடகாத்திரமா இருக்கீங்களே, அதுக்கு என்ன காரணம்னு ஜனங்களுக்குச் சொல்லுங்க" என்று கேட்டார்.

அடைக்கலம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மேடைக்குக் கீழே பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அந்த மைதானத்தில் அது தெரிந்தவர்கள் நானும், என் ஆபீசரும், அடைக்கலத்தின் ஊர்க்காரர்கள் இருபது பேரும்தான். அந்த இருபது பேரும் விடாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் போட்ட வாசகருக்கு

சென்ற வாரம் என் முதல் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், எண்பதைத் தாண்டியும் எழுதுகிறீர்களே, தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், நடைப்பயிற்சி உண்டா என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். பதில் எழுத வசதியாக ஒரு கார்டும் உள்ளே வைத்திருந்தார்.

இந்தக் கேள்விகளைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வாசகர் மேல் கோபமில்லை. வயதான ஒருவனைப் பிடித்து வைத்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதால் என்னென்ன வரும் என்று நேரில் பார்த்தவன் நான். அந்தக் கார்டில் இடம் போதாது என்பதால் இந்த வாரத்தை அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் கிராம சேவக் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எரு போடச் சொல்வது, கழிவுநீர் இறங்க சோக்பிட் குழி வெட்டச் சொல்வது, அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டு ஓடுகிறவர்களைப் பிடித்து வருவது எல்லாம் எங்கள் வேலை. நான் வேலை பார்த்த பிளாக்கின், அதாவது வட்டாரத்தின், பெயரைச் சொல்ல மாட்டேன். நெடுங்கரைப்பட்டி என்று நான் எழுதப்போகும் ஊரின் பெயரும் மாற்றியதுதான். அந்தக் குடும்பத்தார் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

ஆபீசரின் உடம்பு

என் ஆபீசர் நல்ல மனிதர். நாற்பது வயதிருக்கும். நூறு வயது வாழ்வது என்று முடிவு செய்து, அதற்கான வேலைகளை எங்களைக் கொண்டு செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கும் முன் வாசலில் வரிசையாக நின்று எல்லோரும் இருபது தோப்புக்கரணம் போட வேண்டும். டைப்பிஸ்டுக்கு முழங்காலில் பிடித்துக்கொண்டால், அது நல்ல ரத்தம் ஓடுவதற்கு அடையாளம் என்பார். அருகம்புல் சாறு, வேப்பங்கொழுந்து, எருமைத் தயிரில் ஊறிய வெந்தயம் என்று வாரம் ஒன்று எங்காவது படித்துவிட்டு வருவார். முதலில் பியூன் குடிப்பார். பியூன் மூன்று நாள் ஆபீசுக்கு வந்தால் அப்புறம் ஆபீசர் குடிப்பார்.

அவருடைய பெரிய கொள்கை மெல்லுவது. ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி பிளாக் முழுவதும் சுவர்களில் ஒட்டச் சொன்னார். நான் சைக்கிளில் பசை வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் ஒட்டினேன். கஞ்சி குடிக்கிற ஊரில் எதை மெல்லுவது என்று எல்லா ஊரிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

ஒரு சுற்று

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. தை மாசியில் விவசாயக் கண்காட்சி நடக்கப்போகிறது, அதில் சுகாதாரப் பந்தல் ஒன்று உண்டு, ஒவ்வொரு பிளாக்கும் தன் எல்லைக்குள் உள்ளவர்களிலேயே மிக வயதான, ஆனால் தாமாக நடக்கக்கூடிய ஒருவரை அழைத்து வர வேண்டும். முதலாவதாக வருகிறவருக்குக் கம்பளி, வெள்ளிப்பூண் போட்ட ஊன்றுகோல், ஆறு டின் பால் பவுடர்.

தேடிப் பார்த்ததில் எங்களிடம் வயதானவர்களுக்குக் குறைவில்லை, நடக்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். இதற்கிடையில் பக்கத்து பிளாக்கில் நூற்று மூன்று வயதுக்காரர் ஒருவரைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. ஆபீசர் இரண்டு நாள் அருகம்புல்லைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் நெடுங்கரைப்பட்டிக்கு வந்தார். நான் ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, கிணற்றடியில் ஏற்ற மரத்தில் ஏறி நடந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அடைக்கலம் அவர் கண்ணில் பட்டார். தலை முழுக்கப் பஞ்சு வெள்ளை. அவர்கள் வம்சத்தில் முப்பது வயதிலேயே நரைத்துவிடும். வாயில் ஒரு பல் கிடையாது. ஏற்றச் சாலைக் கட்டிய கழி முறிந்து முகத்தில் அடித்ததில் முன்பற்கள் போயின, மிச்சத்தைப் புகையிலை பார்த்துக்கொண்டது. கழுத்துக்கு மேலே பார்த்தால் கிழவர். கீழே பார்த்தால் கருங்கல்.

ஆபீசர் அவரிடம் வயது கேட்டார்.

"விரோதிகிருது வருசம் ஆடி மாசம் பொறந்தேன்னு ஆத்தா சொல்லும்" என்றார் அடைக்கலம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுகூடத் தெரியாது.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது. அறுபதும் ஓடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். அதனால் வருஷத்தின் பெயரை மட்டும் சொன்னால் எந்தச் சுற்று என்று தெரியாது. ஆளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபீசர் ஆளைப் பார்த்தார், கழுத்துக்கு மேலே மட்டும்.

நான் ரெஜிஸ்டரில் நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தேன். அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு முந்தைய விரோதிகிருது எப்போது என்று கேட்டார். அறுபது வருஷம் முன்னால் என்றேன். அதை ஏன் எழுதவில்லை என்றார். ஊருக்கே இவர் வயது தெரியும் சார் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஊருக்குத் தெரிஞ்சது ஊரோட இருக்கும். நமக்கு ரெஜிஸ்டர்தான் தம்பி" என்றார்.

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் எழுதினேன். மேலே இருந்து உத்தரவு, கீழே இருந்து பயம் என்று எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

அடைக்கலம் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போய், பால் பவுடர் எத்தனை டின் என்று கேட்டார். ஆறு என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி சிகப்பிக்கு மூன்று மாதம். இதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்த அன்றே போய்விட்டன. உடம்பில் சத்தில்லை, பால் கொடு என்று ஊர் மருத்துவச்சி சொல்லியிருந்தார். வீட்டில் மாடு இல்லை.

"எத்தன வயசு வேணும்னாலும் போட்டுக்கங்க சார்" என்றார்.

கஞ்சி, கருவாடு, மூட்டை

இப்போது மேடைக்கு வருகிறேன். பெரிய அதிகாரி கேட்ட கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதிகாலை எழுவேன், பொய் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்லுவேன். மூன்று நாள் பாடம் பண்ணினார். ஒலிபெருக்கி முன்னால் எல்லாம் மறந்துவிட்டது.

"கஞ்சி குடிப்பேன். சுட்ட கருவாடு கடிச்சுக்குவேன்" என்றார்.

பெரிய அதிகாரி, நன்றாக மென்று சாப்பிடுவீர்கள் அல்லவா என்று எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஆபீசர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மெல்லறதே இல்லைங்க. முழுங்கிருவேன்."

முதலில் யாரோ ஒருவர் 'ஆகா' என்றார். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மைதானத்தை ஒரு சுற்று நடந்து காட்ட வேண்டும் என்பது விதி. நடந்துகொண்டிருந்தவர், மாதிரி நெல் மூட்டை ஒன்றை இரண்டு பையன்கள் வண்டியில் ஏற்ற முடியாமல் திணறுவதைப் பார்த்துவிட்டார். யோசிக்கவே இல்லை. பக்கத்தில் போய், அவர்களை விலக்கிவிட்டு, மூட்டையை முதுகில் வாங்கி வண்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து நடையைத் தொடர்ந்தார். அட்டை மட்டும் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

மைதானம் எழுந்து நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். பக்கத்து பிளாக்கின் நூற்று மூன்று வயதுக்காரர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அடைக்கலத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு உண்மையாகவே எண்பதுக்கு மேல் இருக்கும். அதைப் பார்த்ததும் நான் பந்தல்காலின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மெல்லாதவர்கள்

முதல் பரிசும் ஆறு டின்னும் அடைக்கலத்துக்கே கிடைத்தன. மறுவாரம் அவரைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கொடும்பாளூரிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நாற்பது பக்க நோட்டோடு வந்து, இடப்பக்கம் படுப்பீர்களா வலப்பக்கம் படுப்பீர்களா என்று கேட்டார். தூக்கம் வந்த பக்கம் என்று அடைக்கலம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அடியில் இரண்டு கோடு போட்டார். கட்டுமாவடியிலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி இரண்டு பஸ் மாறி வந்தார். மேடையில் சொன்ன கருவாடு நெத்திலியா சாளையா என்று தெரிந்துகொண்டு போக வேண்டுமாம். சந்தையில் ஆட்கள் கேட்கிறார்களாம்.

வெறும் வயிற்றில் தண்ணீர் குடிக்கலாமா, குளித்துவிட்டுச் சாப்பிடுவதா சாப்பிட்டுவிட்டுக் குளிப்பதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்ன செய்வது என்று கேள்விகள். மாடியே பார்த்திராத மனிதர் அவர். ஏறாதீங்க என்றார். அது பெரிய உபதேசமாகப் பரவியது.

எல்லாவற்றையும்விட மோசம் முழுங்குவதுதான். சுற்றுவட்டாரத்தில் பல் உள்ளவர்களெல்லாம் மெல்லுவதை விட்டுவிட்டார்கள். கொழுக்கட்டையை முழுதாக விழுங்கிய ஒருவரைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஒட்டிய சுவரொட்டிகளை இரவோடு இரவாகக் கிழித்துவிட்டார்கள். கம்பவுண்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஓமவாட்டர் தீர்ந்துபோச்சு என்று சொல்லி முறைப்பார்.

சரி, உண்மை தெரிந்த உள்ளூர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றுகிறது. அடைக்கலத்தோடு கோலி விளையாடியவர்கள் அவர்கள். ஆனாலும் சர்க்கார் முத்திரை போட்டுச் சொன்ன பிறகு அதில் ஏதோ இருக்கும் என்று நினைத்தார்கள். நம்ம கணக்குத்தான் எங்கேயோ தப்பியிருக்கும் என்றார்கள்.

அடைக்கலத்தோடு ஒரே மாதத்தில் பிறந்தவர் சுப்பையா. அவர் ஒரு நாள் என்னை வழிமறித்து, "அவனுக்கு நூத்தியெட்டுன்னா எனக்கும் நூத்தியெட்டுதான சார்?" என்று கேட்டார். அன்றைக்கே உழவை நிறுத்திவிட்டார். வயதான காலத்தில் இதெல்லாம் முடியாது என்று மகனிடம் கலப்பையைக் கொடுத்துவிட்டு, அரசமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊன்றுகோல்

அடைக்கலத்தை ஏற்றத்தில் ஏற விடவில்லை. நூற்றெட்டு வயதுக்காரரை வேலை வாங்கினால் நாளைக்கு நம்மைத்தான் கேட்பார்கள் என்று கிணற்றுக்காரர் பயந்தார். கூலியை வீட்டுக்கே அனுப்பி வைத்தார், வேலையை மட்டும் கொடுக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் நான்கு பேர் ஓடி வந்து பிடுங்கினார்கள். எழுந்திருக்கும்போது ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஊன்றுகோலை வாங்கிய மரியாதைக்காக நான்கு நாள் கையில் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் அதில் சாய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

சித்திரை முடிவதற்குள் முதுகு வளைந்துவிட்டது. கண்முன்னால் நடந்ததால்தான் நம்புகிறேன். பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். இருமினார். நான் ஒரு நாள் யாருமில்லாத நேரம் பார்த்து, என்ன அண்ணே இது, உங்களுக்கு நாற்பத்தெட்டுதானே என்றேன்.

"எல்லாரும் கெழவங்கறப்ப நான் மட்டும் எப்புடி சார் இல்லேங்கிறது" என்றார். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அந்தக் கையில் கனமே இல்லை.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் சிகப்பி ஆபீசுக்கே வந்துவிட்டார். எட்டாவது மாதம். நடந்தே வந்திருந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. எண்ணிச் சொன்னால் நாலு வாக்கியம்தான் பேசினார்.

"மூட்டை தூக்குன மனுசனுக்கு இப்பச் செம்பு தூக்கக் கை நடுங்குது சார். போன ரெண்டு புள்ளையையும் அவுகதான் கையில வாங்கிக் கொண்டுபோயி வச்சுட்டு வந்தாக. இந்தப் புள்ளையத் தூக்கவாச்சும் அவுக வேணும். நீங்கதான எழுதுனீங்க, அழிச்சுக் குடுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு வார்த்தை இல்லை.

நேரே ஆபீசரிடம் போனேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் கணக்கு மெட்ராஸ் போய்விட்டது, அங்கிருந்து டெல்லிக்கும் போயிருக்கலாம், ஜில்லாவிலேயே நம்மிடம்தான் நூற்றெட்டு இருக்கிறது என்றார். மேலே போன வயதைக் கீழே இறக்க விதியில் இடமில்லை. வேண்டுமானால் வருகிற ஆடியில் நூற்றொன்பது போடலாம் என்றார். உண்மையிலேயே எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

கம்மாய்க்கரை

ஆனி மாதம், சந்தை நாள். காலை எட்டு மணி இருக்கும். நான் சைக்கிளில் நெடுங்கரைப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்மாய்க்கரையில் ஒரு மாட்டுவண்டி சாய்ந்து நின்றது. அச்சு முறிந்து ஒரு சக்கரம் தனியாகக் கிடந்தது. வண்டிக்குள் சிகப்பி. பக்கத்தில் மருத்துவச்சிக் கிழவி. வண்டியோட்டி வேறு வண்டி கொண்டுவர ஊருக்குள் ஓடியிருந்தான். அடைக்கலம் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

குழந்தை புரண்டு கிடக்கிறது, இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும் என்றார் மருத்துவச்சி. ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒன்றரை மைல். நான் சைக்கிளைக் காட்டினேன். அந்தக் கிழவி என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு நானே தூக்கப் பார்த்தேன். தினமும் இருபது தோப்புக்கரணம் போட்ட உடம்பு அது. வண்டியை விட்டு ஓரடி நகர்வதற்குள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

சிகப்பி வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

அடைக்கலம் ஊன்றுகோலை என் கையில் கொடுத்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். மனைவியை இரண்டு கையிலும் வாரி எடுத்தார். முதல் சில அடிகள் தள்ளாடினார், எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் முதுகு நிமிர்ந்தது. கம்மாய்க்கரை முடியுமுன் அவர் ஏற்றக்காரராகிவிட்டார். நான் ஒரு கையில் சைக்கிளும் மறு கையில் ஊன்றுகோலுமாகப் பின்னால் ஓடினேன். மருத்துவச்சி எனக்கு முன்னால் ஓடினார்.

சந்தை ரோட்டுக்கு வந்ததும்தான் சோதனை. ரோடு நிறைய ஜனம். நூற்றெட்டு வயது அடைக்கலம் கர்ப்பிணி மனைவியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் ரோட்டின் நடுவிலேயே விழுந்து கும்பிடத் தொடங்கினார்கள். விழுந்தவர்களைத் தாண்டித் தாண்டி அவர் போக வேண்டியிருந்தது. ஒரு அம்மாள் கைக்குழந்தையை நீட்டி, தொட்டு மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினார். எந்தக் கையால் தொடுவது?

பருத்த மனிதர் ஒருவர் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்து, மூச்சு வாங்காமல் இருக்க என்ன சாப்பிட வேண்டும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். நான் ஊன்றுகோலால் அவரைத் தள்ளினேன். வெள்ளிப்பூண் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

பாலத்தருகே வழியே இல்லாமல் போய்விட்டது. ஐம்பது அறுபது பேர் சுற்றி நின்று ஆசீர்வாதம் கேட்டார்கள். சிகப்பி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அடைக்கலம் நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுய்யா. இது எம் பொண்டாட்டி. புள்ள வயித்துக்குள்ள சாகப் பாக்குது. அங்கிட்டு ஒதுங்குங்க."

யாரும் அசையவில்லை. தன்னடக்கம் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. சுப்பையாதான் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். சந்தைக்கு வெற்றிலை வாங்க வந்தவர். ஒரு நிமிஷம் அடைக்கலத்தின் முகத்தைப் பார்த்தார். சிகப்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து, சாய்ந்த காளையைத் தள்ளுகிற மாதிரி கூட்டத்தை முட்டித் தள்ளினார்.

"இவன் என் சோட்டுக்காரன், எனக்கும் நாப்பத்தெட்டுதான், வழிய விடுங்கடா" என்று கத்திக்கொண்டே முன்னால் போனார். அந்த வழியில் நாங்கள் போனோம்.

தகப்பன் வயது

ஆஸ்பத்திரியில் நர்சம்மா சிகப்பியை உள்ளே வாங்கிக்கொண்டார். அடைக்கலம் கூடவே நுழையப் பார்த்தபோது, பெரியவரே நீங்கள் வெளியே இருங்கள், பெண்ணின் புருஷன் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றார் அடைக்கலம். நர்சம்மா அவரை ஒரு முறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தெரியாது. அடைக்கலம் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், காதில் விழவில்லை. அவர் முழங்கைகளின் உட்புறம் சிவந்து வீங்கியிருந்தது. இந்தக் குழந்தையும் போய்விட்டால் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. நல்ல குரல். இருவரும் சுகம் என்று நர்சம்மா வந்து சொன்னதும் அடைக்கலம் அப்படியே தரையில் உட்கார்ந்து, பல்லில்லாத வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சுப்பையா அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதார்.

நர்சம்மா பிறப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். தாயார் பெயர், தகப்பன் பெயர், தொழில் எல்லாம் எழுதிவிட்டு, தகப்பன் வயது என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். கண்காட்சிக்குத் தானும் வந்திருந்ததாகவும், அட்டையைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொன்னார். அடைக்கலம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுப்பையாவும் பார்த்தார். அங்கே சர்க்கார் ஆள் நான் ஒருவன்தான்.

"நாற்பத்தெட்டு" என்றேன். "அந்த அட்டையை எழுதினவன் நான்தான். தப்பா எழுதிட்டேன்."

அத்தாட்சிக்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார். போட்டேன்.

ஐந்தாம் நாள் அடைக்கலம் ஏற்றத்தில் ஏறினார். கிணற்றுக்காரர் தயங்கித்தான் விட்டார். சுப்பையாவும் மகனிடமிருந்து கலப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார், கொஞ்சம் வருத்தத்தோடு.

மெமோ

பதிவேட்டின் நகல் அடுத்த மாதம் ஆபீசுக்கு வந்தது. ஆபீசர் அதைப் படித்தார். என்னைக் கூப்பிடவில்லை. பியூன் மூலம் ஒரு மெமோ அனுப்பினார். எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் பிரித்தேன்.

நூற்றெட்டு வயதுள்ள நபர் ஆறு மாதத்துக்குள் நாற்பத்தெட்டு வயதை எவ்வாறு அடைந்தார் என்பதற்கும், மேற்படி முறையை பிளாக்கின் இதர கிராமங்களிலும் கையாள வாய்ப்புண்டா என்பதற்கும் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கேலியா கோபமா என்று அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். காகிதமும் பென்சிலுமாக, குறிப்பெடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஏழு நாள் யோசித்தேன். என் பதிலின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடிதம் போட்ட வாசகருக்கும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதால் அதை அப்படியே தருகிறேன்.

"மேற்படி நபர் தம் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடக்க வேண்டி வந்தது. வேறு காரணம் எதுவும் என் விசாரணையில் தெரியவில்லை."